முருகைத் தொட்டியில் போசணைச் சமநிலை
(நைதரசன் வட்டம், ஒன்றியவாழ்வு, நற்போசணையாக்கம், கரைசற் செறிவு ஆகியவற்றுக்கான மீட்டற் கட்டுரை)

மாணவர்களே,

நைதரசன் வட்டத்தைக் கீறச் சொன்னால் பெரும்பாலானோர் பிழையின்றிக் கீறிவிடுவீர்கள். அதே வட்டத்தை ஓர் இடத்தில் பிரயோகித்து விளக்குமாறு கேட்டால் பலர் தடுமாறுவதுண்டு. எனவே நான்கு அலகுகளில் தனித்தனியே கற்ற விடயங்களை இக்கட்டுரையில் ஒரே கண்ணாடித் தொட்டிக்குள் வைத்து நோக்குவோம். அத்தொட்டி சாதாரண மீன்தொட்டியன்று. உயிருள்ள முருகைகளை வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியாகும். அதிற் போசணைப்பொருள்கள் மிகுந்தாலும் முருகை இறக்கும், அற்றுப்போனாலும் இறக்கும். இவ்விரண்டுக்கும் காரணம் கூறத் தெரிந்தால் இப்பகுதியின் பிரயோக வினாக்களுக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

1. முருகை என்பது யாது?

முருகை ஒரு விலங்காகும். நாம் முருகைக்கல் என அழைப்பது அவ்விலங்கு உருவாக்கிய கல்சியம் காபனேற்று வன்கூடேயாகும். இது நிடாரியாக் கணத்தைச் சேர்ந்தது. பழைய நூல்களில் இக்கணம் சீலெந்தரேற்றா என வழங்கப்பட்டது. ஒவ்வொரு முருகையும் பொலிப்பு எனப்படும் சிறிய அலகுகள் பல சேர்ந்த ஒரு குடித்தொகையாகும். பொலிப்பின் வாயைச் சுற்றிப் பரிசக்கொம்புகளும் அவற்றிற் கொட்டும் கலங்களும் காணப்படும். இவற்றின் உதவியுடன் அது விலங்குப்பிளாந்தன்களைப் பிடித்து உண்ணும்.

ஆயினும் அதன் உணவுத் தேவையின் பெரும்பகுதி வேறொரு வழியிலேயே கிடைக்கின்றது. பொலிப்பின் இழையத்தினுள் சூசாந்தெல்லா எனப்படும் ஒருகல அல்காக்கள் வாழ்கின்றன. இவை ஒளித்தொகுப்பின் மூலம் உண்டாக்கும் குளுக்கோசு, கிளிசரோல் போன்றவற்றைப் பொலிப்புக்கு வழங்குகின்றன. பொலிப்பு, அல்காவுக்கு வாழிடத்தையும் காபனீரொட்சைட்டையும் தனது கழிவான அமோனியாவையும் வழங்குகின்றது. இரு அங்கிகளும் நன்மை பெறும் ஒன்றியவாழ்வுக்கு இது சிறந்த உதாரணமாகும்.

இங்கே ஒரு முக்கிய விடயத்தைக் கவனியுங்கள். ஒன்றின் கழிவு மற்றதற்குப் போசணையாகின்றது. நைதரசன், பொசுபரசு ஆகியன வெளிநீருக்கு இழக்கப்படாமல் உள்ளேயே மீண்டும் மீண்டும் பயன்படுகின்றன. போசணைப்பொருள் மிகக் குறைந்த தெளிந்த வெப்பவலயக் கடலில் இத்துணை உயிர்ச்செழிப்பு காணப்படுவதற்கு இதுவே பிரதான காரணமாகும்.

2. தொட்டிக்குப் போசணை எங்கிருந்து வருகின்றது?

கடலிலே கழிவுகளை அலையும் நீரோட்டமும் அகற்றிவிடும். தொட்டியோ மூடிய தொகுதியாகும். உள்ளே இடப்படும் ஒவ்வொரு கிராம் உணவும், நாம் வெளியே எடுக்காதவரை, ஏதாவதொரு வடிவில் உள்ளேயே இருக்கும். இதனைக் கணித்துப் பார்ப்போம்.

உதாரணம் 1
200 லீற்றர் நீருள்ள தொட்டிக்கு நாளொன்றுக்கு 1 கிராம் உலர் மீனுணவு இடப்படுகின்றது. உணவின் 50% புரதம் எனவும் புரதத் திணிவின் 16% நைதரசன் எனவும் கொள்க. நைதரசன் முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் ஒரு நாளில் நீரின் நைத்திரேற்றுச் செறிவு எவ்வளவால் அதிகரிக்கும்? (சாரணுத்திணிவு: நைதரசன் 14, ஒட்சிசன் 16)

புரதத்தின் திணிவு = 0.5 கிராம்
நைதரசனின் திணிவு = 0.5 × 16/100 = 0.08 கிராம் = 80 மி.கி.
நைத்திரேற்று அயனின் சார் திணிவு = 14 + (3 × 16) = 62
நைத்திரேற்றின் திணிவு = 80 × 62/14 = 354 மி.கி.
செறிவு அதிகரிப்பு = 354/200 = 1.77 மி.கி./லீ

ஒரு நாளைக்கு 1.77 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு வாரத்தில் அது 12.4 மி.கி./லீ ஆகும். இயற்கை முருகைப் பார்களைச் சூழ்ந்த நீரில் நைத்திரேற்று பொதுவாக 0.2 மி.கி./லீ இலும் குறைவாகும் என்பதை நினைவிற் கொண்டால் இதன் பாரதூரம் விளங்கும்.

அதே உணவில் 1% பொசுபரசு உள்ளதெனக் கொண்டால் 10 மி.கி. பொசுபரசு கிடைக்கும். பொசுபேற்று அயனின் சார் திணிவு 31 + (4 × 16) = 95 ஆகும். எனவே பொசுபேற்று 10 × 95/31 = 30.6 மி.கி.; செறிவு அதிகரிப்பு ஏறத்தாழ 0.15 மி.கி./லீ ஆகும்.

உணவைத் தவிர, தொட்டிக்குச் சேர்க்கும் நன்னீரும் ஒரு மூலமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பசளைப் பாவனை, மலசலகூடக் குழிகள் ஆகியவற்றால் சில கிணறுகளின் நைத்திரேற்றுச் செறிவு, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கும் 50 மி.கி./லீ எல்லையையும் தாண்டுவது ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. இத்தகைய நீரில் உப்பைக் கரைத்துத் தொட்டியை நிரப்பினால், மீன் விடுவதற்கு முன்னரே போசணை மிகையாகிவிடும். எனவே காய்ச்சி வடித்த நீர் அல்லது நேர்மாறு பிரசாரண முறையிற் சுத்திகரித்த நீர் பயன்படுத்தப்படுகின்றது.

3. தொட்டிக்குள் நைதரசன் வட்டம்

படி 1 – அமோனியாவாக்கம்: மீனின் கழிவு, எஞ்சிய உணவு, இறந்த உடல்கள் ஆகியன பிரிகையாக்கிகளால் அமோனியாவாக மாற்றப்படும். மீன்கள் பூக்களினூடாகவும் அமோனியாவை வெளிவிடும். கடல்நீரின் பீஎச் பெறுமானம் 8 இலும் சற்று அதிகமாகும். பீஎச் கூடும்போது அமோனியம் அயனாக இருப்பதன் ஒரு பகுதி நஞ்சுத்தன்மை கூடிய அமோனியாவாக மாறுவதால் கடல்நீர்த் தொட்டியில் இப்படி மிக ஆபத்தானது.

படி 2 – நைத்திரேற்றாக்கம்: நைத்திரோசோமோனாசு போன்ற பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக ஒட்சியேற்றும். பின்னர் நைத்திரோபற்றர், நைத்திரோசுபைரா போன்றவை நைத்திரைற்றை நைத்திரேற்றாக ஒட்சியேற்றும். மீன்தொட்டிகளில் இவ்விரண்டாவது வேலையைச் செய்வதில் நைத்திரோசுபைராவே முக்கியமானது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. இவை காற்றுவாழ் பற்றீரியாக்களாகும். ஆகவே நீரோட்டமும் ஒட்சிசனும் அவசியம்.

படி 3 – நைதரசனிறக்கம்: நுண்டுளைகள் கொண்ட பாறையின் உட்பகுதி, ஆழமான மணற்படை ஆகியவற்றில் ஒட்சிசன் மிகக் குறைவு. அங்குள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றைப் படிப்படியாக நைதரசன் வாயுவாக மாற்றும். அவ்வாயு நீரிலிருந்து வளிமண்டலத்துக்குச் செல்லும்.

இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து பெற்ற நுண்ணங்கிகள் நிறைந்த 'உயிர்ப்பாறை'யைத் தொட்டியில் இடும் தனது முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். இன்றைய முருகைத் தொட்டிகளிலும் இத்தத்துவம் பயன்படுகின்றது. புதிய தொட்டியில் இப்பற்றீரியாக்கள் போதியளவு பெருகுவதற்குப் பொதுவாக 4 தொடக்கம் 6 வாரங்கள் வரை செல்லும். அதற்கு முன்னர் மீனையோ முருகையையோ விடுதல் அவற்றை அமோனியாவிலே விடுவதாகும்.

கவனிக்க: பொசுபரசு வட்டத்தில் வாயு நிலை இல்லை. நைத்திரேற்று வாயுவாகித் தப்பிச் செல்ல வழியுண்டு. பொசுபேற்றுக்கு அவ்வழி இல்லை. அதனை நாமே வெளியே எடுக்க வேண்டும். மேலும், பொசுபேற்று அயன்கள் கல்சியம் காபனேற்றுப் பாறையின் மேற்பரப்பிற் புறத்துறிஞ்சப்படும். நீரில் அதன் செறிவு குறைந்தவுடன் பாறையிலிருந்து மீண்டும் நீருக்கு வரும். இன்று குறைத்த பொசுபேற்று அடுத்த வாரம் மீண்டும் கூடியிருப்பதன் காரணம் இதுவேயாகும்.

4. மிகையானால் நிகழ்வது

(அ) முருகையின் பரப்பையும் பாறையையும் இழையுரு அல்காக்கள் மூடும். ஒளி தடைப்படும். இது குளங்களில் நிகழும் நற்போசணையாக்கத்தின் சிறிய வடிவமாகும்.
(ஆ) நைத்திரேற்று மிகும்போது சூசாந்தெல்லாக்கள் பெருகி முருகை கபில நிறமடையும். அல்கா தான் தயாரித்த உணவைத் தனது பெருக்கத்துக்கே பயன்படுத்துவதால் பொலிப்புக்குக் கிடைக்கும் பங்கு குறையும். ஒன்றியவாழ்வின் சமநிலை குலையும்.
(இ) பொசுபேற்று, கல்சியம் காபனேற்றுப் பளிங்குகளின் மேற்பரப்பில் ஒட்டி அவற்றின் வளர்ச்சியைத் தடைசெய்யும். வன்கூடு உருவாதல் பாதிக்கப்படும்.

5. அற்றுப்போனால் நிகழ்வது

"போசணை தீயது, எனவே பூச்சியமே சிறந்தது" என்று முடிவுசெய்தல் தவறாகும். சூசாந்தெல்லாவும் ஓர் உற்பத்தியாக்கியே. அதற்குப் புரதம் ஆக்க நைதரசனும் கருவமிலம், கலமென்சவ்வு ஆகியவற்றை ஆக்கப் பொசுபரசும் தேவை. இரண்டும் அற்றுப்போனால் முருகை வெளிறி, இழையம் மெலிந்து, இறுதியில் வெண்ணிற வன்கூடு மாத்திரமே எஞ்சும்.

ஒன்று மிகுந்து மற்றது அற்றுப்போதல் இன்னும் ஆபத்தானது. இங்கிலாந்தின் சவுதாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, நைத்திரேற்று மிகுந்து பொசுபேற்றுக் குறைந்த நீரிலுள்ள முருகைகள் வெப்பத்தாலும் ஒளியாலும் இலகுவில் வெளிறலுக்கு உள்ளாகின்றன. நைதரசன் கிடைப்பதால் அல்கா பெருகுகின்றது. பொசுபரசு போதாமையால் அதன் மென்சவ்வுகள் குறைபாடுடையனவாகின்றன. இங்கு பொசுபரசு எல்லைப்படுத்தும் காரணியாகத் தொழிற்படுகின்றது. எனவே ஒரு பொருளின் அளவை மாத்திரமன்றி இரண்டுக்கும் இடையிலான விகிதத்தையும் நோக்க வேண்டும்.

6. பேண வேண்டிய அளவுகள்

முருகை வளர்ப்போர் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவுகள் வருமாறு:

அமோனியா – அளக்கக்கூடிய அளவில் இருத்தலாகாது
நைத்திரைற்று – அளக்கக்கூடிய அளவில் இருத்தலாகாது
நைத்திரேற்று – 2 தொடக்கம் 10 மி.கி./லீ
பொசுபேற்று – 0.03 தொடக்கம் 0.1 மி.கி./லீ
கல்சியம் – 400 தொடக்கம் 450 மி.கி./லீ
உவர்த்தன்மை – ஆயிரத்துக்கு 35 பங்கு
வெப்பநிலை – 25 தொடக்கம் 27 பாகை செல்சியசு

இங்கு நைத்திரேற்று, பொசுபேற்று அளவுகள் இயற்கைப் பாரின் அளவுகளிலும் கூடுதலாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கடலில் முருகைக்கு இடையறாது பிளாந்தன் வந்துசேரும். தொட்டியில் அவ்வாறில்லை. ஆகவே கரைந்த நிலையில் சிறிதளவு போசணை இருத்தல் பயனுடையது.

7. கட்டுப்படுத்தும் முறைகள்

(1) உள்ளீட்டைக் குறைத்தல்: சில நிமிடங்களில் உண்டு முடிக்கக்கூடிய அளவு உணவையே இடுதல், உறைந்த உணவை உருகவைத்து அந்நீரை வடித்தல், மீன்களின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்தல்.

(2) நுரை பிரிப்பான்: நீரினூடாக நுண்ணிய வளிக்குமிழிகள் செலுத்தப்படும். புரதம் போன்ற சேதனப் பொருள்கள் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டி நுரையாக மேலெழும். அந்நுரை அகற்றப்படும். அமோனியாவாக மாறுவதற்கு முன்னரே கழிவு வெளியேறுவது இதன் சிறப்பாகும்.

(3) அல்கா அறுவடை: வேறொரு சிறிய தொட்டியில் ஒளியின் கீழ்ப் பெரிய கடல் அல்காக்களை வளர்த்து, அவ்வப்போது ஒரு பகுதியை வெட்டி அகற்றுதல். வெட்டி வெளியே எடுக்காவிடின் பயனில்லை. இறக்கும் அல்கா போசணையைத் திரும்ப நீருக்கே கொடுக்கும்.

(4) பெரிக்கொட்சைட்டு மணிகள்: இவை பொசுபேற்றைப் புறத்துறிஞ்சும். அளவு கூடினால் பொசுபேற்றுத் திடீரெனப் பூச்சியமாகும் அபாயம் உண்டு.

(5) நீர் மாற்றல்: பகுதி நீரை அகற்றிப் புதிய கடல்நீர் சேர்த்தல்.

உதாரணம் 2
நைத்திரேற்றுச் செறிவு 40 மி.கி./லீ ஆகவுள்ள தொட்டியில் ஒவ்வொரு முறையும் 25% நீர், நைத்திரேற்று அற்ற நீரால் மாற்றப்படுகின்றது. செறிவு 10 இலும் குறைவதற்கு எத்தனை முறை மாற்ற வேண்டும்? (இடையில் நைத்திரேற்றுச் சேரவில்லை எனக் கொள்க.)

ஒவ்வொரு முறையும் 75% எஞ்சும்.
40 → 30 → 22.5 → 16.9 → 12.7 → 9.5
விடை: 5 முறை

ஆனால் உணவு இடுவதை நிறுத்த முடியாதே! உதாரணம் 1 இல் வாரத்துக்கு 12.4 மி.கி./லீ சேர்ந்தது. வாரமொருமுறை 25% நீர் மாற்றினால் செறிவு எங்கே நிலைபெறும்? ஒரு வாரத்திற் சேர்வதும் நீர் மாற்றலில் அகல்வதும் சமனாகும்போது நிலைபெறும். அதாவது மாற்றுமுன் உள்ள செறிவின் 25% = 12.4, எனவே அச்செறிவு 49.6 மி.கி./லீ ஆகும். மாற்றியபின் 37.2 ஆகும். ஆக, நீர் மாற்றல் மாத்திரம் போதாது. நைதரசனிறக்கம், நுரை பிரிப்பு, அல்கா அறுவடை ஆகியனவும் சேர்ந்தாலே செறிவை 10 இலும் குறைவாகப் பேணலாம்.

எம்முறையைக் கையாண்டாலும் மெதுவாகவே குறைத்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மாத்திரம் செய்து, வாரந்தோறும் அளந்து, குறித்து வைத்தல் வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது பலனளித்தது என அறிய முடியாது. ஆய்வுகூடப் பரிசோதனையில் ஒரு மாறியை மாத்திரம் மாற்றும் விதி இங்கும் பொருந்தும்.

8. தொட்டியிலிருந்து கடலுக்கு

தொட்டியின் உரிமையாளர் பிழையைத் திருத்த நீரை மாற்றலாம். கடலின் நீரை யாரும் மாற்ற முடியாது. ஹவாய்த் தீவுகளில் கனேயோகே குடாவுக்குள் பல ஆண்டுகளாகக் கழிவுநீர் விடப்பட்டது. பச்சைக் குமிழ் அல்கா பெருகி முருகைகளை மூடியது. 1977-1978இல் கழிவுநீர்க் குழாய் குடாவுக்கு வெளியே ஆழ்கடலுக்குத் திருப்பப்பட்டது. நீர் தெளிவடைந்து முருகைகள் மீளத் தொடங்கின. எனினும் அக்குமிழ் அல்கா குடாவின் பல பகுதிகளில் 2006 வரை நிலைத்திருந்தது. போசணையைச் சேர்ப்பது இலகு. அதன் விளைவை நீக்குவது நீண்டகால வேலையாகும்.

எமது நாட்டின் முருகைப் பார்களுக்கும் இது பொருந்தும். ஹிக்கடுவை, கற்பிட்டியை அண்டிய பெரும்பார் போன்ற இடங்களில் 1998இல் கடல் வெப்பமடைந்ததால் பாரிய வெளிறல் ஏற்பட்டது. 2016இலும் வெளிறல் நிகழ்ந்தது. வெப்பத்தால் ஏற்கெனவே நலிந்த முருகைக்கு, விடுதிக் கழிவுநீரும் வயல்களிலிருந்து கழுவிவரும் பசளையும் இரண்டாவது அடியாகும். கடல் வெப்பநிலையை ஒரு கிராமத்தால் குறைக்க இயலாது. கழிவுநீரைச் சுத்திகரித்துவிடுதல் உள்ளூரிலேயே செய்யக்கூடிய காரியமாகும்.

இலங்கையில் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. கல்முருகைகள் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட விலங்குகளாகும். எனவே இப்பாடத்தைக் கற்றபின் திருகோணமலைப் புறாத்தீவிலோ வேறு கரையிலோ முருகையை உடைத்து எடுத்து வளர்க்க எவரும் முனைதல் கூடாது. உடைத்த ஒரு துண்டு பல ஆண்டுகளின் வளர்ச்சியாகும்.

9. விடையெழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

• முருகையைத் தாவரம் என எழுதுதல். அது விலங்கு, அதனுள் வாழ்வதே அல்கா.
• நைத்திரைற்று, நைத்திரேற்று ஆகிய சொற்களை மாறி எழுதுதல்.
• நைதரசனிறக்கத்துக்கு ஒட்சிசன் தேவை என எழுதுதல்.
• "போசணை கூடியதால் மீன் இறந்தது" என்று மட்டும் எழுதுதல். அல்காப் பெருக்கம், ஒளி தடைப்படல், இறந்த அல்காவின் பிரிகை, ஒட்சிசன் குறைதல் எனப் படிகளை ஒழுங்காகத் தர வேண்டும்.

மாதிரி வினாக்கள்

1. முருகைக்கும் சூசாந்தெல்லாவுக்கும் இடையிலான தொடர்பின் பெயரைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றும் பெறும் ஒரு நன்மை தருக.
2. நைத்திரேற்றைப் போலன்றிப் பொசுபேற்றுத் தொட்டியிலிருந்து தானாக அகல்வதில்லை. காரணம் தருக.
3. 300 லீற்றர் தொட்டியில் நைத்திரேற்று 16 மி.கி./லீ உள்ளது. 75 லீற்றர் நீரை அகற்றி, நைத்திரேற்று அற்ற 75 லீற்றர் கடல்நீர் சேர்த்தால் புதிய செறிவு யாது?
4. ஒரு தொட்டியில் நைத்திரேற்று 30 மி.கி./லீ, பொசுபேற்று அளக்க முடியாத அளவு குறைவு. முருகைகள் வெளிறுகின்றன. உரிமையாளர் மேலும் பெரிக்கொட்சைட்டு மணிகளை இட எண்ணுகிறார். நீர் அவருக்குக் கூறும் ஆலோசனை யாது? காரணம் தருக.

விடைக் குறிப்புகள்

1. ஒன்றியவாழ்வு (இரண்டும் நன்மை பெறும் வகை). முருகை – ஒளித்தொகுப்பு விளைபொருள்கள். அல்கா – வாழிடம் அல்லது காபனீரொட்சைட்டு அல்லது அமோனியா.
2. நைத்திரேற்று நைதரசனிறக்கத்தால் வாயுவாகி வெளியேறும். பொசுபரசு வட்டத்தில் வாயு நிலை இல்லை.
3. எஞ்சும் நைத்திரேற்று = 225 × 16 = 3600 மி.கி. செறிவு = 3600/300 = 12 மி.கி./லீ.
4. மணிகளை இடலாகாது; ஏற்கெனவே இருப்பின் அகற்ற வேண்டும். பொசுபரசு இங்கு எல்லைப்படுத்தும் காரணியாகும். அது மேலும் குறைந்தால் சூசாந்தெல்லாவின் மென்சவ்வு பாதிப்புற்று வெளிறல் கூடும். பொசுபேற்றைச் சிறிதளவு உயரவிட்டு, நைத்திரேற்றை நீர் மாற்றலாலும் நைதரசனிறக்கத்தாலும் மெதுவாகக் குறைக்க வேண்டும்.